எலியின் காதில் ஒரு வெட்டு

அத்தியாயம் 6

ராஜாத்தி மண்ணை வாரித் தூற்றியதைப் பார்த்தபோது, அந்தக் காரியத்தைச் செய்தவன் மேல் எனக்கு லேசாக இரக்கம்கூட வந்தது.

பெரியகுளத்துக்கு வெளியே, மாந்தோப்புகள் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தத் தனியார் ஆராய்ச்சி நிலையம். கேட்டுக்கு முன்னால், வாட்ச்மேன் தடுக்கத் தடுக்க, அந்த அம்மாள் குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை அள்ளினார்.

"எம்மகள இப்படி நாறடிச்சது எவனா இருந்தாலும் அவன் வெளங்கக் கூடாது. அவன் பொண்டாட்டி தாலி அத்து நடுத்தெருவுல நிக்கணும். கௌமாரி ஆத்தா, நீ கேளு."

மண் கேட்டில் பட்டது, வாட்ச்மேன் சட்டையில் பட்டது, மலைக்காற்றில் கொஞ்சம் திரும்பி அந்த அம்மாள் தலையிலேயே விழுந்தது.

"சார், நாம எதுக்கு வந்தோம்? ஆத்தாளே கேஸ முடிச்சுரும் போல," என்றேன்.

பலவேசம் சிரிக்கவில்லை. அவர் என் ஜோக்குக்குச் சிரித்ததே கிடையாது. அல்லிநகரத்தில் செல்போன் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். அதில் ஜெபஷீலா என்கிற நான்தான் ஒரே உதவியாளர். அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விசாரணைக்குப் போய்க்கொண்டிருந்தார். இழவு வீட்டில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "பாலிசியில பொய் எழுதியிருக்காரு, உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்த மனிதர். உண்மை என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். அது யாரைக் கடித்தாலும் கவலையில்லை.

"உள்ள போவம்," என்றார். "மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுரும். போட்டா முடிஞ்சது."

விஷயம் இதுதான். நம் எல்லாருக்கும் சிறுநீர்ப்பையின் உள்சுவரில் ஒரு புரதப் பூச்சு இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் சிமெண்டுப் பால் அடிப்பது மாதிரி. நீர்க்கடுப்பை உண்டாக்கும் கிருமி அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. ஒரு மருந்துக் கம்பெனி யோசித்தது. அந்தப் புரதமே உருவாகாமல் செய்துவிட்டால் கிருமிக்குப் பிடிமானம் ஏது? அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து அழுகிற சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். இந்த நிலையத்தின் இயக்குநர் டாக்டர் உமாதேவி, அந்தப் புரதத்தின் ஜீனை நீக்கிய எலிகள் சௌக்கியமாக இருக்கின்றன என்று கம்பெனிக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்.

ராஜாத்தியின் மகள் மாரீஸ்வரி இங்கே பிஎச்.டி. மாணவி. அவள் அதே எலிகளை இன்னும் கொஞ்ச காலம் வளர்த்துப் பார்த்தாள். பூச்சு இல்லாத பையிலிருந்து சிறுநீர் வந்த வழியே மேலே ஏறியது. கிட்னி நீர் கோர்த்து ஊதியது. எலிகள் வற்றிப்போய் ஒவ்வொன்றாகச் செத்தன.

"கைப்பிடியக் கழட்டுனா திருடன் வர மாட்டான்னு நெனச்சிருக்காக," என்று, இந்தக் கேஸைக் கேட்டபோதே நான் சொன்னேன். "கதவே கையோட வந்துருச்சு."

மாரீஸ்வரி மேலிடத்துக்கு எழுதினாள். சென்னையிலிருந்து கமிட்டி வந்தது. கூண்டைத் திறந்து பார்த்தால் எலிகள் எல்லாம் கொழுகொழுவென்று ஓடின. இரண்டை அறுத்துப் பார்த்தார்கள். கிட்னி மொச்சைக்கொட்டை மாதிரி சின்னதாக, சுத்தமாக இருந்தது. மாரீஸ்வரி பொய்க்காரி ஆனாள். இன்றைக்கு மறுபடி வருகிற கமிட்டி முன்னால், முடிவுகளை இட்டுக்கட்டினேன் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு அவள் படிப்பு போயிற்று, மருந்து பிள்ளைகளுக்குப் போகும்.

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் தங்கப்பாண்டி, மாரீஸ்வரியின் அப்பா. வாசலில் கம்பளியை அவிழ்த்த ஆட்டுக் கிடைக்காரர் மாதிரி ஒல்லியாக நின்றார். ஆடுகளை விற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். இங்கே எலிக்கூண்டு கழுவிக்கொண்டே மகளைப் படிக்கவைத்தவர்.

"எங்க வீட்டுக்காரி கூப்பிட்டாளாக்கும் ஒங்கள," என்றார். முகத்தில் வெளிச்சமே இல்லை. "பாருங்க சார். என்ன பாக்கணுமோ பாருங்க."

பிளாஸ்டிக் கூண்டுகள் வரிசையாக இருந்தன. ஒரு பக்கம் சாதாரண எலிகள், மறுபக்கம் ஜீன் நீக்கிய எலிகள். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே ஜாடை. ஒவ்வொரு கூண்டிலும் அட்டை. அடியில் நெல் உமி பரப்பியிருந்தது.

"இந்த வரிசைக்கு உமி எப்ப எப்ப மாத்துவீக?" என்று ஜீன் நீக்கிய வரிசையைக் காட்டிக் கேட்டார் பலவேசம்.

"காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா. தண்ணியக் குடிச்சுக் குடிச்சு நனைச்சுப் போடுமே சார். கிட்னி போன சென்மம். மத்த கூண்டுக்கெல்லாம் வாரத்துல ரெண்டு தரம் போதும்."

"இன்னைக்குக் காலையில மாத்தியாச்சா?"

"இன்னும் இல்லைங்க சார்."

பலவேசம் ஒரு கூண்டுக்குள் கைவிட்டு உமியை அள்ளினார். விரல்களுக்கு நடுவில் சலசலவென்று உதிர்ந்தது. குடிநீர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது.

"கமிட்டிக்காரக அட்டையப் பாத்தாக. எலியப் பாக்கல," என்றார் என்னிடம். "இந்த எலிக்கு எந்த நோயும் இல்ல. பக்கத்து வரிசை எலி இது. ஆரோ மாத்தியிருக்காக."

தங்கப்பாண்டி கையில் வைத்திருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். அது சரிந்து விழுந்தது. மறுபடி சாத்தினார்.

பலவேசம் ஒரு எலியை வாலைப் பிடித்துத் தூக்கினார். அது கத்திக்கொண்டு சுழன்றது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் காதை விரித்து என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். இடது காதின் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு கீறல், நுனியில் ஒரு சின்னக் கொத்து. அடுத்த எலிக்கும் அதே இடத்தில் அதே மாதிரி. அந்த வரிசை முழுக்க அப்படித்தான்.

"எலிக்குக் கம்மல் போடப் பாத்து வழுக்கிருச்சா?" என்றேன்.

"வாய மூடிட்டு வா."

மாரீஸ்வரி மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் கையெழுத்துக்கான காகிதம். தூங்கி நாளான கண்கள்.

"ஒங்க எலிகளுக்கு அடையாளம் எப்படிப் போடுவீங்க?" என்றார் பலவேசம் நாற்காலியை இழுத்துக்கொண்டே.

அவள் டிராயரைச் சாவி போட்டுத் திறந்து குட்டிக் குறடு ஒன்றை எடுத்து வைத்தாள். "காதுல வட்டமா ஓட்டை போடும் சார். எத்தனை ஓட்டை, எந்தக் காதுன்னு பாத்தா எந்த எலின்னு தெரிஞ்சிரும்."

"இது எப்பவும் ஒங்ககிட்டதானே பூட்டியிருக்கும்?"

"ஆமா."

"அப்ப, மாத்துனவன் கையில இது இல்ல. பிளேடால வெட்டியிருக்கான்." அவர் முன்னால் குனிந்தார். "சரி, இன்னொண்ணு. வால் நுனியில இத்துனூண்டு வெட்டி மெஷின்ல போட்டா ஜீன் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும்னு என் அசிஸ்டென்ட் செல்போனைப் பாத்தே சொல்லிட்டா. காலேஜ் வாசலை மிதிக்காத கழுத அவ. பிஎச்.டி. படிக்கிற நீங்க கமிட்டிகிட்ட அந்த டெஸ்ட ஏன் கேக்கல?"

நான் காலேஜ் வாசலை மிதித்தவள்தான், பி.காம். ஆனால் அது சொல்லுகிற நேரமாக இல்லை. அந்தப் பெண்ணின் உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது.

"தோணல சார்."

"பொய்."

"எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க போங்க சார். தயவு பண்ணி இதை விட்டுருங்க."

நிரபராதி ஒருத்தி தன்னைக் காப்பாற்ற வந்தவர்களை வெளியே போகச் சொல்லி நான் பார்த்ததில்லை. பலவேசத்துக்குப் பசி எடுத்த மாதிரி கண் மின்னியது.

வெளியே வந்ததும் ஸ்கூட்டரைத் தேனி ரோட்டுக்கு விடச் சொன்னார்.

"காலையில நம்மள மறிச்சதே ஒரு ஆட்டு மந்தை, அது எங்கன நிக்கும்?"

"கைலாசபட்டி தாண்டியிருக்காது சார். பிரியாணி சாப்பிடணும்னா கடைக்கே போலாமே."

அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை மடக்கிக் கிடை போட்டிருந்தார்கள். ஒச்சாண்டி என்கிற கிடைக்காரர் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றார். பலவேசம் என் போனை வாங்கி, எலிக் காதை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கிக் காட்டினார்.

"அண்ணே, இது யாரு வீட்டு வெட்டு?"

ஒச்சாண்டி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "வெள்ளக் குட்டியா? முடியே காணமே, சொறி கிறி பிடிச்சிருக்கா?"

"கொஞ்சம் ஒடம்பு சரியில்ல," என்றேன்.

"இது நம்ம தங்கப்பாண்டி மச்சான் வீட்டு வெட்டுல்ல. இடது காது, கீழ ஒரு கீறல், நுனியில ஒரு கொத்து. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு இருக்கு சார். மந்தை கலந்துருச்சுன்னா காதப் பாத்துத்தான பிரிக்கணும். அவுகதான் ஆட்டையெல்லாம் வித்துட்டாகளே, இந்தக் குட்டி எங்கன கிடைச்சிச்சு?"

நான் போனை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன். என் வாயும் எப்போதாவது மூடும்.

பலவேசம் விடவில்லை. "ஆடு வாங்க வியாபாரி வந்தா, மந்தையில நோஞ்சான் ஆடு இருந்தா என்ன செய்வீக?"

ஒச்சாண்டி வெட்கப்படாமல் சிரித்தார். "அதை ஏன் காட்டுறோம்? நோஞ்சானை ஓடைப் பக்கம் ஓட்டிவிட்டுட்டு, பங்காளி கிடையிலருந்து நல்ல ஆட்டப் பத்தியாந்து நிறுத்திருவோம். மொத்த மந்தைக்கும் வெல நிக்கணும்ல. எங்க அப்பன் காலத்துலருந்து அப்படித்தான். வியாபாரிக்கும் தெரியும், அதனாலதான் அவன் வந்ததும் காதப் பாப்பான்."

"கமிட்டிக்குத் தெரியல," என்றார் பலவேசம்.

திரும்பி வந்தபோது தங்கப்பாண்டி எலிக்கூடத்துக்குப் பின்னால் குழாயடியில் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். பலவேசம் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் பார்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"டைரக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னாக சார். கமிட்டி வருது, எலியெல்லாம் தெம்பா இருக்கணும், ஒம்மக நல்லபடியா முடிக்கணும்ல, பாத்துக்கன்னாக. அம்புட்டுத்தான் சொன்னாக. கொறடு அவ டிராயர்ல பூட்டிக் கெடந்துச்சு. காது மொட்டையா இருந்தா பாக்க வந்தவக கண்டுபிடிச்சிருவாகளேன்னு பிளேட எடுத்தேன். கை அதுபாட்டுக்கு எங்க வீட்டு வெட்டப் போட்டுருச்சு."

"சீக்கு எலிக?"

"வாளித் தண்ணியில முக்கிட்டேன்." அவர் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ ஒண்ணொண்ணுக்கும் பேரு வச்சிருந்தா சார். எனக்கு எதுவும் தெரியாது. எலி சீக்கா இருந்தா எம்மக வளக்கத் தெரியாதவன்னு பேரு வந்துரும்னு நெனச்சேன். கமிட்டி போனதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சது, அந்தச் சீக்குதான் அவ கண்டுபிடிச்சதுன்னு."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போய் மூடினேன்.

"ஏன் அப்பவே சொல்லல?" என்றார் பலவேசம்.

"டைரக்டரம்மாகிட்டப் போயி அழுதேன். வாயத் தொறந்தா அப்பனும் மகளும் சேந்து மாத்துனதா எழுதிருவேன்னுட்டாக. ரெண்டு பேரும் செயிலுக்குப் போகணும்னாக." அவர் சட்டென்று எழுந்தார். "பரவாயில்ல சார். இப்ப வாரேன். கமிட்டி முன்னால நானே சொல்லிர்றேன்."

"நீங்க சொல்லக் கூடாது," என்றார் பலவேசம்.

"சார்," என்றேன்.

"இவரு சொன்னா, மகளக் காப்பாத்தப் பழிய ஏத்துக்கிட்டு அப்பன் பொய் சொல்றான்னு அந்தம்மா ஒரே வார்த்தையில முடிச்சுரும். மகதான் சொல்லணும். பெத்த அப்பனப் பிடிச்சுக் குடுக்குறவ பொய் சொல்ல மாட்டான்னு எவனும் நம்புவான்."

"அது பாவம் சார்."

"பாவந்தான்," என்று ஒத்துக்கொண்டு, கூண்டைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அவரைக் கொன்றுபோடலாம் என்று தோன்றியது. ஆனாலும் பின்னாலேயே ஏறினேன், தங்கப்பாண்டியும் ஏறினார்.

கமிட்டி அறையில் சென்னைப் பேராசிரியர் ஒருவர் நடுவில் இருந்தார். பக்கத்தில் கஞ்சிபோட்ட காட்டன் சேலையில் டாக்டர் உமாதேவி. எதிரே மாரீஸ்வரி, பேனா மூடியைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"யார் நீங்க? இது உள்விசாரணை," என்றார் உமாதேவி.

"ஒரு நிமிஷம் மேடம். எலி கேஸுதான, எலியக் காட்டிட்டுப் போயிர்றேன்." பலவேசம் கூண்டை மேசையில் வைத்து, ஒரு எலியை எடுத்து மாரீஸ்வரிக்கு முன்னால் நீட்டினார். "இந்தக் காதப் பாத்து, இது என்ன அடையாளம்னு இவுக சொல்லட்டும்."

மாரீஸ்வரி எலியைப் பார்க்கவில்லை. வாசலில் நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் இன்றைக்குப் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை. கமிட்டி வந்த அன்றைக்கே கூண்டைத் திறந்ததும் அந்த வெட்டைப் பார்த்திருக்கிறாள். சின்ன வயசில் அந்த வெட்டுள்ள குட்டிகளைத் தூக்கி வளர்ந்தவள். வால் டெஸ்ட் கேட்டால் அப்பா மாட்டுவார் என்றுதான் இத்தனை நாளும் பொய்க்காரி என்ற பேரைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"தெரியாது," என்றாள்.

பலவேசம் குரலை உயர்த்தவில்லை. "மருந்து வெளிய வரும்மா. நீர்க்கடுப்புன்னு தூக்கிட்டு வர்ற பிள்ளைக்குக் குடுப்பாக. அது கிட்னி ஊதும். ஒங்க எலி எப்படிச் செத்துச்சுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும், நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்தீங்க. அதுல ஒரு பிள்ளைக்கு நீங்க எலிக்கு வச்ச பேரே இருந்தாலும் இருக்கும்."

தங்கப்பாண்டி மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லு தாயி என்கிற மாதிரி.

"எங்க வீட்டு ஆட்டுக்குப் போடுற வெட்டு இது," என்றாள் மாரீஸ்வரி. "வெட்டுனது எங்கப்பா. இந்த எலிகள்ல அந்த ஜீன் இருக்கு. வாலை வெட்டிப் பாருங்க. ஜீன் இல்லாததை அவரு மாத்திட்டாரு." பேனாவை மூடப் பார்த்தாள், மூடி உருண்டு கீழே விழுந்தது.

பேராசிரியர் எலியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வால் டெஸ்டை மதுரையில் செய்யலாம், ஜீன் நீக்கிய குட்டிகளை ஈனும் தாய் எலிகள் தனியாக இருப்பதால் இன்னொரு ஈத்துக் குட்டிகளை வளர்த்துக் கிட்னியைப் பார்க்கலாம், அதுவரை மருந்து நகரக் கூடாது என்றார். மாரீஸ்வரி ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

உமாதேவி மட்டும் நிதானமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "தங்கப்பாண்டி, நம்பித்தானே உங்களை வேலைக்கு வச்சேன்? இப்படிப் பண்ணிட்டீங்களே." அப்புறம் பேராசிரியர் பக்கம் திரும்பினார். "போலீஸுக்கு நானே சொல்லிடறேன் சார்."

"தெம்பா இருக்கணும்னு சொன்னது நீங்கதான மேடம்?" என்றேன். பொறுக்கவில்லை.

"ஆமாம், சொன்னேன். ஆராய்ச்சி எலி தெம்பா இருக்கணும்னு சொல்றது தப்பா?"

பேராசிரியர் கையிலிருந்த எலியைப் பலவேசம் வாங்கிக் கூண்டுக்குள் விட்டார்.

தங்கப்பாண்டி மகள் பக்கத்தில் வந்து, கீழே கிடந்த பேனா மூடியை எடுத்து மேசையில் வைத்தார். அவள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்து, "எலிக்கூடத்துச் சாவி, பாத்துக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நாங்கள் கேட்டுக்கு வந்தோம். ராஜாத்தி அங்கேயே நின்றிருந்தார். இரண்டு சாப்பாட்டுத் தூக்குகள் கையில், ஒன்று மகளுக்கு, ஒன்று புருஷனுக்கு. தலையில் இன்னும் மண் இருந்தது.

"தாயி, எம்மக தப்பிச்சாளா?"

"தப்பிச்சுட்டாங்கம்மா," என்றேன்.

அந்த அம்மாள் கண்ணை மூடி, வீரபாண்டி கௌமாரி கோயில் இருக்கிற திக்கு நோக்கிக் கும்பிட்டார். அப்புறம் பலவேசத்திடம் வந்தார். "எவன்யா அந்தப் பாவி? பேரச் சொல்லுய்யா. அவன் வீட்டு வாசல்லயும் போயி மண்ணத் தூத்திட்டு வந்துர்றேன்."

காபி குடித்த இழவு வீடுகளில் எல்லாம் பட்டென்று சொல்லிவிட்டு வந்த மனிதர், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதினைந்து ஜோக்கை வைத்துக்கொண்டு திரிகிறவள். ஒன்றும் வாயில் வரவில்லை.

ராஜாத்தி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டுக்கு உள்ளே பார்த்தார். மாரீஸ்வரி தனியாகப் படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவள் கையில் எலிக்கூடத்துச் சாவி இருந்தது. எப்போதும் அப்பா இடுப்பில் தொங்குகிற சாவி.

தூக்குகளைப் பத்திரமாகக் கீழே வைத்தார் ராஜாத்தி. ஒரு கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது. அப்படியே கேட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, காலையில் தூற்றிய மண்ணை இன்னொரு கையால் கூட்டிக் கூட்டி மடியில் அள்ளிப் போட ஆரம்பித்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டா சரியாப் போயிருமா தாயி?" என்று என்னைக் கேட்டார். "கொஞ்சம் ரோட்டுப் பக்கமும் பறந்துச்சு. அதையும் பாத்து எடுத்துக் குடு."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளினேன்.